சலரோகமும் நம் வாவிக்கரை மக்களும்

(பழைய மாணவன் ஒருவன்)

விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பழம்பெருமையையோ விளையாட்டு வெற்றிகளையோ எழுதுதலே பொருத்தமென முதலில் எண்ணினேன். அவற்றை எழுத வல்லார் நம்முள் பலர் உளர். யானோ விஞ்ஞானம் கற்பித்து இளைப்பாறியவன்; அதனோடு, பதினொரு ஆண்டுகளாகச் சலரோகத்துடன் வாழ்ந்து வருபவன். ஆதலின் யான் கற்பித்ததையும் யானே கற்றுக்கொண்டதையும் சேர்த்து ஒரு பாடமாக இம்மலரில் வைப்பது பயனுடைத்தெனத் துணிந்தேன்.

இத்துணிவுக்குக் காரணமானவன் என் வகுப்புத் தோழன் ஒருவன். படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்து, விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்தவன். உதைபந்தாட்டத்தில் அவன் காலுக்கு நிகரான கால் அக்காலத்தில் நம் கல்லூரியில் இல்லை. படிப்பு முடிந்தபின் மனைவியின் சீதன வயலைச் செய்து நன்றாகவே வாழ்ந்தான். ஐம்பது வயதளவில் சலரோகம் இருப்பதாகக் கூறப்பட்டும் அதனை அவன் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் வரம்பில் நடந்து வருகையில் முள்ளொன்று உள்ளங்காலில் ஏறியது. மூன்று நாள் அது உள்ளேயே கிடந்தது. சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்கச் சென்ற என்னிடம் அவன் சொன்னது ஒன்றே: "முள்ளுக் குத்தினது தெரிஞ்சிருந்தாத்தானே மச்சான், நான் அதைப் பாத்திருப்பன்?"

முள் குத்தியதும் தெரியாதபடி ஒருவனுடைய காலை அவனுக்கே அயலாக்கும் இந்நோய் யாது? அது நம்மிடையே பெருகியது ஏன்? நாம் செய்யத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் பெயரும் பழமையும்

நூல்வழக்கில் நீரிழிவு என்றும், மதுமேகம் என்றும், நம் பேச்சுவழக்கில் சலரோகம் அல்லது சீனி வருத்தம் என்றும் இந்நோய் வழங்கும். நீர் மிகுதியாகக் கழிதலும் அந்நீர் இனித்தலும் ஆகிய இரு குறிகளையும் இப்பெயர்களே காட்டுகின்றன. பாரத நாட்டுப் பழைய ஆயுர்வேத நூலோர் இனிய சிறுநீரை எறும்பு மொய்த்தலைக் கண்டறிந்திருந்தனர். சுசுருதர் இந்நோயைப் பிறவியோடு வருவதென்றும், முறையற்ற உணவினால் வருவதென்றும் இரண்டாகப் பிரித்தார். முன்னையோர் மெலிந்தும் பின்னையோர் பெரும்பாலும் பருத்தும் இருப்பர் என்றார். இன்றைய மருத்துவம் கூறும் முதலாம் வகை, இரண்டாம் வகை என்னும் பாகுபாட்டுக்கு இது எவ்வளவு அணித்தாக உள்ளது என்பது சிந்திக்கத்தக்கது.

மேனாட்டில், 1776 ஆம் ஆண்டில் மத்தியூ தொப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீரை வற்றச் செய்து, எஞ்சிய வெண்பொருள் சருக்கரையே என நிறுவினார். 1869 இல் போல் இலங்கர்கான் என்னும் மாணவர், சதையி என்னும் உறுப்பினுள்ளே சிறுதீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்களைக் கண்டார். அவை எதற்கென அவரும் அறிந்திலர். இருபது ஆண்டுகளின் பின்னர், 1889 இல், மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. நோயின் இருப்பிடம் அன்று தெளிவாயிற்று.

மருந்து கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1921 இல் கனடா நாட்டுத் தொறொன்ரோப் பல்கலைக்கழகத்திலே பான்ரிங் என்னும் இளம் மருத்துவரும் பெஸ்ற் என்னும் மாணவரும் சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். கொலிப் என்பவர் அதனைத் தூய்மை செய்தார். 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் அம்மருந்தினால் உயிர் பிழைத்தான். அதற்கு முன்னர் அவ்வகை நோயுற்ற பிள்ளைகள் உருகி இறத்தல் ஒருதலை. கண்டுபிடித்தோர் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டனர். பான்ரிங் பிறந்த நவம்பர் 14 ஆம் நாளே இன்று உலக நீரிழிவு நாளாகக் கொள்ளப்படுகின்றது.

உடலினுள்ளே நிகழ்வது யாது?

நம் வாவியை அறிந்தவர்க்கு இந்நோயை விளக்குதல் எளிது. மாரியிலே ஆறுகளும் வாய்க்கால்களும் கொணரும் வெள்ளம் வாவியிற் சேர்கின்றது. முகத்துவாரம் திறந்திருப்பின் நீர் கடலிற் கலந்து வாவி தன் மட்டத்தில் நிற்கும். மணற்றிட்டு அடைத்துக்கொண்டால் நீர்மட்டம் உயர்ந்து வயலும் மனையும் மூழ்கும். அப்போது ஆட்கள் கூடி மணலை வெட்டி வழி திறப்பர்.

உடலில் ஓடும் குருதியே வாவி. நாம் உண்ணும் சோறு, பாண், சீனி முதலிய காபோவைதரேற்றுக்கள் குளுக்கோசாக மாறி அதில் வந்து சேர்கின்றன. உண்ணாத வேளையில் ஈரலும் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோசை விடுகின்றது. தசை முதலிய கலங்களின் வாயிலே முகத்துவாரம். அவ்வாயிலை வெட்டித் திறக்கும் தொழிலாளி, சதையியின் சிறுதீவுகளிலிருந்து வரும் இன்சுலின் என்னும் ஓமோன். தொழிலாளி வாராவிடினும், மணல் இறுகி அவன் வெட்டியும் திறவாவிடினும், குருதியிலே குளுக்கோசு வெள்ளமாக உயர்கின்றது. சிறுநீரகம் தாங்கும் எல்லையைக் கடந்ததும் அது சிறுநீரில் வழிகின்றது. தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கின்றது. அதனாலேயே அடிக்கடி சலம் போதலும் தீராத் தாகமும் உண்டாகின்றன.

இவ்வுவமையில் ஒரு வேற்றுமையும் உண்டு. கடலுக்குச் செல்லும் வாவிநீர் நமக்கு வேண்டாதது. குளுக்கோசோ கலங்களுக்கு உணவு. ஆதலின் சலரோகி வெள்ளத்தின் நடுவே பசித்திருப்பவன். உண்டும் மெலிதலும், காரணமின்றிக் களைத்தலும் இதனாலேயே.

தொழிலாளி அறவே இல்லாமற்போதல் முதலாம் வகை. உடலின் காப்புப் படையே தவறாகத் தன் சிறுதீவுகளை அழித்தலால் இது பெரும்பாலும் சிறுவரையும் இளைஞரையும் பற்றும்; இன்சுலின் ஏற்றாது அவர் உயிர் வாழ்தல் இயலாது. மணல் இறுகுதலும், வெட்டி வெட்டித் தொழிலாளி களைத்தலும் இரண்டாம் வகை. நோயாளருள் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினர். இது பல ஆண்டுகள் யாதொரு குறியுமின்றி வளரும் என்பதே இதன் கொடுமை. கருவுற்ற காலத்தில் தோன்றிப் பேற்றின் பின் மறையும் வகையொன்றும் உண்டு. அது மறைந்தாலும் அத்தாய்க்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை வருதல் கூடுமாதலின், அவர் ஆண்டுதோறும் பரிசோதனை செய்தல் நன்று.

நம்மிடையே பெருகியது ஏன்?

இலங்கையில் 2005–2006 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பெரிய ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நகர்ப்புறத்தில் அத்தொகை பதினாறு. அந்நோயாளருள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் தமக்கு நோயிருத்தலை அதுவரை அறியாதிருந்தனர். அவ்வாய்வு ஏழு மாகாணங்களில் மட்டுமே நிகழ்ந்தது. போர்க்காலமாதலின் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நம் வாவிக்கரை அக்கணக்கிலே இல்லை. எண்ணப்படாமையால் நோய் இல்லாமற் போவதில்லை. பின்னர் 2018–2019 இல் நிகழ்ந்த நாடளாவிய ஆய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்துமூவர்க்கு நீரிழிவு உண்டெனக் காட்டிற்று.

இப்பெருக்கத்துக்குக் காரணம் பல. முதலாவது உணவு. நம் முன்னோர் உரலிற் குத்திய அரிசியை உண்டனர். தவிடு முற்றும் நீங்காத அச்சோறு மெல்லவே செரிக்கும். சேனையிலே குரக்கனும் சோளமும் பயறும் விளைந்தன. வாவி மீனும் இறாலும், வேலியோரத்து முருங்கையிலையும், வயலோரத்துப் பொன்னாங்காணியும் வல்லாரையும் கறியாயின. இன்று ஆலையிலே தீட்டிய வெள்ளரிசியும், இந்நாட்டில் விளையாத கோதுமை மாவினாலாய பாணும் பராட்டாவும் இருவேளை உணவாயின. வெறுந்தேநீரை நக்கிக் குடித்த கருப்பட்டித் துண்டு போய், கோப்பையொன்றுக்கு மூன்று கரண்டி சீனி வந்தது. சோறு உண்ணும் அளவு மாத்திரம் உழவன் உண்ட அளவாகவே நிற்கின்றது.

இரண்டாவது உழைப்பு. நாற்று நடலும் சூடு மிதித்தலும் இயந்திரத்தின் பாற்பட்டன; தோணி வலித்தவன் இயந்திரப் படகில் இருக்கின்றான்; கல்லூரிக்கு மூன்று கல் நடந்த நாம் எம் பேரரை வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகின்றோம். அதே சோறு, வேறு உழைப்பு. கணக்கு எங்ஙனம் ஒக்கும்?

மூன்றாவது பிறப்பு. தென்னாசியர் மேனாட்டாரைப் போலப் பருக்காமலேயே இந்நோய்க்கு ஆளாவர். கை கால் மெலிந்திருக்க வயிற்றிலே கொழுப்புச் சேர்தல் நம் இயல்பு. அன்றியும், கருவிலே உணவு குறைந்த பிள்ளை வளர்ந்தபின் மிகுதியாக உண்ணுங்கால் நோய்க்கு இலகுவில் ஆட்படும். 1944–1945 மாரியில் ஒல்லாந்து நாட்டிலே பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர் ஐம்பது வயதில் குளுக்கோசைத் தாங்கும் ஆற்றல் குறைந்திருந்தமை ஆய்வாற் கண்ட உண்மை. இடப்பெயர்வும் பசியும் பல ஆண்டு கண்ட நம் மாவட்டத்தார்க்கு இச்செய்தி தூரத்துச் செய்தியன்று.

காலே முதலிற் சொல்லும்

உயர்ந்த குளுக்கோசு ஆண்டுக்கணக்கில் நிலைத்தால் நுண்ணிய குருதிக்குழாய்களும் நரம்புகளும் பழுதாகும். கண்ணின் விழித்திரை கெடும், சிறுநீரகம் சுருங்கும், மாரடைப்பும் பாரிசவாதமும் பிறரினும் மிகுதியாக வரும். இவையெல்லாம் எங்கும் உள்ளன. காலின் கேடோ நம் வாழ்க்கை முறையோடு நெருங்கிய தொடர்புடையது.

நாம் வெறுங்காலினர். சேற்று வயலில் செருப்பு நில்லாது. வாவியில் இறங்கி வலை வீசுவோனைச் சிப்பி கிழிக்கும். கோயில் வீதியிலே உச்சிவெயில் மணலில் வெறுங்காலோடு நிற்றல் நம் பக்தி. கதிர்காமத்துக்கு உகந்தை வழியே காட்டினூடு நடந்து செல்வோர் ஆண்டுதோறும் உளர். கண்ணகியம்மன், திரௌபதையம்மன், காளியம்மன் கோயில்களிலே தீமிதித்தல் நம் நாட்டுக்குரிய பெருவழக்கு. நரம்பு செத்த காலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. நோவு என்பது உடலின் காவல்நாய்; அது குரைக்காத வீட்டிலே கள்வன் அச்சமின்றிப் புகுவான். காலிழந்த சலரோகிகளுள் பெரும்பாலோர்க்கு முதலில் உண்டானது கவனியாது விடப்பட்ட ஒரு சிறு புண்ணே.

யான் தெய்வ நேர்த்தியைக் குறை கூறுபவன் அல்லேன். ஆயினும், நீண்டகாலம் சலரோகமுள்ளவர், அதிலும் காலில் விறைப்புள்ளவர், தீமிதித்தலைத் தவிர்த்து வேறு நேர்த்தி செய்யலாமென வண்ணக்கர்மாரும் பூசகரும் எடுத்துரைப்பாராயின், அதனாற் காக்கப்படும் கால்கள் பலவாகும். அவர்கள் சொல்லுக்கு வைத்தியர் சொல்லினும் நம்மூரில் மதிப்பு அதிகமன்றோ?

ஒருவர் நோய், ஊரார் சுமை

என் தோழன் கதையின் எஞ்சிய பகுதியைக் கூறுகின்றேன். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சைக்குப் பணம் இல்லை. எனினும் போக்குவரத்துக்கும், உடனிருப்பார் செலவுக்கும், உழைப்பு நின்ற ஓராண்டுக்கும் சீதன வயலில் ஒரு பகுதி விலையாயிற்று. மூத்த மகன் உயர்தர வகுப்பை விட்டுக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு முள் மூன்று தலைமுறையைத் தைத்தது.

படுவான்கரையார்க்குப் பிறிதொரு தடையும் இருந்தது. வைத்தியசாலைகளிற் பெரியன எழுவான்கரையில், இடையிலே வாவி. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் படகுக்குக் காத்திருந்தே கடக்க வேண்டியிருந்தது. மாதமொரு முறை மருந்தெடுக்க ஒரு நாட் கூலியை இழக்கவேண்டியவன் மருந்தைப் பாதியாக்கி உண்ணத் தொடங்குவான். 2004 டிசம்பர் 26 இல் கடல் கல்லடியிலும் நாவலடியிலும் புகுந்தபோது, பிழைத்தோரும் தம் மருந்தையும் குறிப்பேட்டையும் இழந்தனர். 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் உண்டாயிற்று. இடர் எதுவாயினும் நாட்பட்ட நோயாளனையே அது முதலில் வருத்தும்.

மறைத்தல் மற்றொரு தீங்கு. இன்சுலின் ஏற்றும் பெண்பிள்ளைக்கு வரன் வாராதென அஞ்சிப் பெற்றோர் நோயை மறைக்கின்றனர். பிள்ளை பாடசாலையில் மயங்கி விழுந்தால் ஆசிரியர்க்குக் காரணம் தெரியாது. அப்பிள்ளைக்கு வேண்டியது இரக்கமன்று. வகுப்பிலே ஊசியேற்றவும் வேளைக்கு உண்ணவும் இடமும், கேலி செய்யாத தோழருமே. முறையாக இன்சுலின் ஏற்றுவோர் படித்து, மணந்து, மக்களைப் பெற்று நெடுங்காலம் வாழ்கின்றனர்.

செய்யத்தக்கன

முதலாவது, அறிதல். முப்பத்தைந்து வயது கடந்தவர் குறியொன்றும் இல்லாதபோதே குருதியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். இதற்கென 2011 முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் அரசினால் நடத்தப்படுகின்றன, பரிசோதனை இலவசம். வெறுவயிற்றில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு. குறியில்லாதவர்க்கு அதனை மீண்டுமொரு முறை பார்த்தே உறுதி செய்வர். நூறுக்கும் அதற்கும் இடையில் இருப்பின் எச்சரிக்கை. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையிலே 6.5 வீதமும் அதற்கு மேலும் நோயெனக் கொள்ளப்படும். வீட்டிலிருந்தே அறியத்தக்கது இடுப்பளவு: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைக் கடத்தல் நன்றன்று.

இரண்டாவது, உணவு. சோற்றை விடுக என யாரும் கூறவில்லை. தட்டின் பாதியைக் கீரையும் மரக்கறியும், காற்பங்கை மீனும் பருப்பும் நிரப்ப, எஞ்சிய காற்பங்கே சோறாகட்டும். அது தீட்டாத குத்தரிசியாயின் இன்னும் நன்று. சீனியைத் தேநீரிலிருந்து நாளுக்கு ஒரு கரண்டியாகக் குறைத்துவரின் நாவு விரைவிற் பழகிவிடும். போத்தற் பானங்களிலே 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் பொறிக்கப்படுகின்றன. நூறு மில்லிலீற்றரில் பதினொரு கிராமுக்கு மேற்பட்ட சீனிக்குச் சிவப்பு. பிள்ளைகளும் அறியத்தக்க அடையாளம் இது. நோயாளிக்கெனத் தனிச் சமையல் வேண்டா; அவர்க்கு நல்லது வீட்டார் அனைவர்க்கும் நல்லதே.

மூன்றாவது, நடை. நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடத்தல் மணற்றிட்டை இளக்கும். இது வெறும் உபதேசம் அன்று. நோயின் வாயிலில் நின்றோரை வைத்து அமெரிக்காவிலே செய்த ஆய்வில், உணவும் நடையும் திருந்தியோர்க்கு நோய் வருதல் நூற்றுக்கு 58 பங்கு குறைந்ததென 2002 இல் வெளியிட்டனர். சென்னையிலே மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நம்மினத்தார் நடுவே அதுபோலச் செய்து, 28 பங்கு குறைவை 2006 இல் காட்டினர். நம்மவர்க்குப் பயன் சிறிது குறைவாயினும், மருந்தின்றிப் பெற்ற பயனாதலின் அது சிறிதன்று.

நான்காவது, மருந்து. பாகற்காயும் வெந்தயமும் உணவாகலாம், மருந்துக்கு மாற்றாகா. மூலிகை உண்போர் அதனை வைத்தியரிடம் மறையாது கூறுதல் வேண்டும். சுகம் கண்டதும் மாத்திரையை நிறுத்துதல், வெள்ளம் வடிந்ததென முகத்துவாரத்தை மீண்டும் அடைத்தலை ஒக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமணலில் வைத்த மண்குடத்தினுள்ளே, நீர் படாது பொதிந்து, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். கந்தசட்டி விரதமோ நோன்போ பிடிப்பவர் முன்னரே வைத்தியரோடு கலந்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்க. வியர்த்து, நடுங்கி, தடுமாறுபவர்க்குக் குளுக்கோசு குறைந்திருத்தல் கூடும். உணர்விருப்பின் சீனித் தண்ணீர் கொடுக்க. உணர்வற்றிருப்பின் வாயில் ஒன்றும் ஊற்றாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

ஐந்தாவது, கால். இரவு படுக்குமுன் விளக்கொளியில் இரு உள்ளங்காலையும் பார்க்க. குனிய இயலாதார் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்க, அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்க. விரலிடுக்கை ஈரமின்றித் துடைக்க. செருப்பின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தே அணிக. சிறு புண்ணாயினும் மறுநாளே காட்டுக.

முடிவுரை

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மருந்தொன்றின் பெயரையும் கூறாது, உண்ணும் முறையையே பெரிதும் பேசினார். அவ்வறிவு நம் மொழியிலே ஈராயிரம் ஆண்டளவாகக் கிடக்கின்றது; அதனைத் தட்டிலே வைத்தல்தான் எஞ்சியுள்ளது.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். விழா நாளிலே விருந்து மண்டபத்தின் வாயிலில் ஒரு மேசையும், விரல்நுனிக் குருதி பார்க்கும் கருவியும், தாதியொருவரும் இருத்தல் நன்று. பலகாரத் தட்டை அணுகுமுன் ஒவ்வொருவரும் விரலை நீட்டட்டும். நம்முள் சிலர் அன்றே தம் நோயை முதன்முதலாக அறிதல் கூடும். அவர் அதற்காக வருந்தார். பத்தாண்டு கழித்து வாழ்த்துவர்.

என் தோழனும் விழாவுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கின்றான். பொய்க்காலும் ஊன்றுகோலுமாக மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து மாணவரின் ஆட்டத்தைப் பார்ப்பான். மாணவர்காள், அவனிடம் சென்று பேசுங்கள். பந்தைப் பற்றியும் கேளுங்கள், முள்ளைப் பற்றியும் கேளுங்கள். அன்றிரவு வீடு சென்றதும் உங்கள் தந்தையாரின் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள்.